மாமியாருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி



நீங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு உங்கள் வீட்டை யார் பார்த்துக் கொள்கிறார்? பெரும்பாலும் ஒரு வயதான தாயார்தான். கணவருக்கு அம்மா, மனைவிக்கு மாமியார். அரிசியில் கல் பொறுக்குவது, கீரை ஆய்வது, கிழிந்த துணியைத் தைப்பது எல்லாம் அவரே. பேரப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து அளந்து ஊற்றுவதும் அவரே. மருந்து மூடியிலுள்ள கோடு அவர் கண்ணுக்குத் தெரிகிறதா? என்றைக்காவது கேட்டதுண்டா?

ஒரு கிராமத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். 60 வயது தாண்டிய ஓர் அம்மாள் பேரனுக்கு மருந்து கொடுக்கப் போனார். 5 மில்லி ஊற்ற வேண்டிய மூடியில் 10 மில்லி இருந்தது.

"கோடு தெரியலையாம்மா?" என்றேன்.

"கோடா? மூடி நிறைய ஊத்தணும்னு இல்ல நெனச்சேன்!" என்றார்.

இத்தனைக்கும் மூக்கின்மேல் கண்ணாடி இருந்தது. "எங்க வீட்டுக்காரரு போட்டிருந்தது. அவரு போனப்புறம் சும்மாதானே கெடக்குதுன்னு எடுத்து மாட்டிக்கிட்டேன்" என்றார். மருமகளோ, "புதுசு வாங்கலாம்னா, நானென்ன ஆபீசுக்கா போறேன்னு சொல்லிடறாங்க சார்" என்றாள்.

நல்ல வேளை, குழந்தை மருந்தைக் குடிக்குமுன் பார்த்துவிட்டோம்.

ஏன் கிட்டத்தில் தெரியவில்லை?

கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் ஒரு வில்லை இருக்கிறது. இளம் வயதில் அது நன்றாக வளைந்து கொடுக்கும். கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது தடிக்கும். தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது மெலியும். வயது ஏற ஏற அது இறுகிக்கொண்டே வந்து, 40 வயதையொட்டிக் கிட்டத்துப் பார்வையில் குறை தெரியத் தொடங்குகிறது. ஊசியையும் நூலையும் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்ப்பது அதனால்தான். இதையே வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் சொல்கிறோம். இது நோயல்ல, தலை நரைப்பதுபோல் எல்லோருக்கும் வருவது.

படிப்பவருக்கு மட்டுமா கண்ணாடி? அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும், 40 வயதும் அதற்கு மேலும் ஆன தொழிலாளர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியாயிற்று. ஏற்ற கிட்டப்பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் இலை பறிப்பு, பெறாதவர்களைவிட ஏறக்குறைய 5-ல் ஒரு பங்கு கூடுதலாக உயர்ந்தது. கைவேலை செய்கிற எவருக்கும் கண் வேண்டும்.

ஏற்ற கண்ணாடி எது?

1. அவருடைய கண்ணுக்கே அளந்தது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இருக்க வேண்டுமென்பதில்லை. அடுத்தவர் கண்ணாடியும், சந்தையில் வாங்கியதும் எல்லோருக்கும் பொருந்தா. அவற்றால் கண் கெட்டுவிடாது; ஆனால் தலைவலியும் மங்கலும் தீரா.

2. அவருடைய வேலைக்கு ஏற்றது. ஊசியில் நூல் கோப்பதற்கு ஒரு தூரம். மடியில் வைத்த முறத்தில் கல் பொறுக்குவதற்கு இன்னொரு தூரம். எந்த வேலைக்குக் கண்ணாடி வேண்டும் என்பதைப் பரிசோதிப்பவரிடம் சொல்லுங்கள். ஊசி, நூல், ஒரு பிடி அரிசி, மருந்து மூடி ஆகியவற்றைக் கையோடு கொண்டு போவது நல்லது. அங்கேயே பார்த்துச் சரியா என்று அவர் சொல்லட்டும்.

3. நடைக்கு ஆபத்தில்லாதது. படிக்கிற கண்ணாடியோடு நடந்தால் தரை மங்கும். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் சேர்த்துச் செய்த கண்ணாடியிலும், படி இறங்கும்போது பார்வை கீழ்ப் பகுதியில் விழுந்து படி சரியாகத் தெரியாது. வயதான காலத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது கஷ்டம். அடிக்கடி தடுமாறுகிறவருக்கு நடக்க ஒன்று, வேலைக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்துக் கொள்ளலாமா என்று கேளுங்கள்.

எங்கே போவது?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கண் பரிசோதனை செய்பவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். 1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் முதியோருக்கு இலவசக் கண்ணாடிக்கும் வழி உண்டு. அதையும் விசாரியுங்கள்.

"எனக்கு எழுத்தே தெரியாதே, அங்க போயி என்னத்தப் படிக்கிறது?" என்று அவர் கூச்சப்படலாம். எழுத்து தெரியாதவருக்கென்றே ஓர் அட்டை உண்டு. அதிலுள்ள குறி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டினால் போதும்.

கண்ணாடி மட்டும் போதாத சமயங்கள்

ஒருநாள் மாமியார், "கண்ணாடி இல்லாமலே ஊசி கோத்துட்டேன், பார்வை திரும்பிடுச்சு!" என்று மகிழ்ச்சியாகச் சொல்லலாம். கண்புரை தொடங்கும்போது சிலருக்கு இப்படி ஆவதுண்டு. சில காலம் கிட்டத்தில் நன்றாகத் தெரியும். தூரம் மங்கிக்கொண்டே போகும். காட்டிவிடுங்கள். புரைக்கு மருந்து கிடையாது; அறுவை செய்து கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைக்கிறார்கள். அதன் பிறகும் கிட்டத்து வேலைக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

கண் சிவந்து, வலித்து, திடீரென்று பார்வை குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாய்ப்பாலோ இலைச்சாறோ ஊற்றக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை கண்ணைக் காட்ட வேண்டும்.

அந்த அம்மாளை அடுத்த முறை பார்த்தபோது புதுக் கண்ணாடி போட்டிருந்தார். மூடியை உயர்த்திக் காட்டி, "இந்தா பாரு, அஞ்சுலதான் நிக்குது" என்றார்.

தம்பதியரே! வேண்டாம் என்றுதான் பெரியவர்கள் முதலில் சொல்வார்கள். அதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். இருவரில் ஒருவர் அரைநாள் ஒதுக்கி, கைபிடித்து அழைத்துப் போங்கள். உங்கள் பிள்ளையை நாள் முழுதும் காப்பது அந்தக் கண்கள்தாம்.