சொல்லே இல்லாத கோப்பில் சொல் தேடும் கணினி

காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம், பாலாற்றுப் பக்கம் இருக்கிறது ஓரிக்கை. பட்டுத் தறிக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் வேலை இந்த ஊர்ப் பக்கங்களில் கிராஃப் தாளிலிருந்து கணினித் திரைக்கு வந்து கனகாலம் ஆகிறது. மயிலோ, யாளியோ, அன்னமோ, எதுவானாலும் திரையில் அது கட்டங்கள்தான். நிரம்பிய கட்டம் என்றால் பாவு இழை மேலே எழும். வெறும் கட்டம் என்றால் எழாது. அதைப் பார்த்து அட்டையில் துளை குத்தி, ஜக்கார்டு பெட்டியில் ஏற்றிவிட்டால் முந்தானையில் மயில் வந்துவிடும். இந்த டிசைன் கோப்புக்குள் நூறு தடவை தேடினாலும் ஒரு சொல் கிடைக்காது.

அப்படியிருக்க, இந்த வேலைக்கு வைத்திருக்கும் பழைய கணினி காலையில் போட்டவுடன் திணறும். மவுஸ் அம்புக்குறி இழுத்து இழுத்து நகரும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் நேரே 100 சதவீதம். மேல் வரிசையில் 'சர்ச் இண்டெக்ஸர்' என்று ஒரு பெயர். யாரும் எதையும் தேடச் சொல்லவில்லை. என்றாவது ஒரு நாள் யாராவது தேடுவார்கள் என்று அது இப்போதே தயாராகிக்கொண்டிருக்கிறது.

தேடலுக்கு முன்பே பட்டியல் போட்டுவைக்கும் இந்த வேலை தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. வ.அய். சுப்பிரமணியம் புறநானூற்றுக்கு ஒரு சொல்லடைவு தயாரித்தார்; கேரளப் பல்கலைக்கழகம் 1962ல் வெளியிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் நூல்களுக்கு மூன்று தொகுதிகளில் சொல்லடைவு கொண்டுவந்தது. ஒரு சொல்லைப் பார்த்தால் அது எந்தெந்தப் பாட்டில், எந்தெந்த அடியில் வருகிறது என்று எண்கள் வரிசையாக நிற்கும். நூலில் பாட்டுக்குள் சொல் இருக்கிறது. அடைவில் சொல்லுக்குள் பாட்டு இருக்கிறது. கணினியின் தேடல் பட்டியலும் இதே தலைகீழ் ஏற்பாடுதான். இத்தனை லட்சம் கோப்புகளில் ஒரு பெயரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்துத் தருவது, கோப்புகளை அது அப்போது திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதால்தான்.

ஆனால் புறநானூறு நானூறு பாட்டோடு நின்றுவிட்ட நூல். ஒரு முறை உழைத்து அடைவு போட்டால் அடுத்த தலைமுறைக்கும் அதுவே போதும். டிசைன் கடைக் கணினி அப்படியா? பில் போடும் மென்பொருள் நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் குவிகின்றன. டிசைனில் ஒரு கட்டத்தை மாற்றிச் சேமித்தாலே அது மாறிய கோப்பு. எழுதி முடியாத நூலுக்குச் சொல்லடைவு போட உட்கார்ந்தவர் என்றைக்கு எழுந்திருப்பார்?

விண்டோஸ் இதில் கொஞ்சம் சாமர்த்தியமாகவே நடந்துகொள்கிறது. எந்தக் கோப்பு மாறியது என்று தெரிய வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. மாற்றங்களுக்கென்று கோப்பு அமைப்பே ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது, அதைப் படித்துக்கொள்கிறது. மாறிய கோப்பை ஒரு துணை நிரல் திறக்கும். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு வடிகட்டி உண்டு. அது உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் உருவி எடுக்கும். உருவிய எழுத்து சொற்களாகப் பிரிந்து ஒரு தரவுத்தளத்தில் போய் உட்காரும். நீங்கள் விசைப்பலகையைத் தொட்டால் இந்த வேலை தானே பின்வாங்க வேண்டும் என்றும் ஏற்பாடு இருக்கிறது. 2007ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதே, வட்டை அணுகுவதில் இதற்குக் கடைசி இடம் என்று விதித்தார்கள்.

அப்படியும் ஏன் திணறுகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னும் ஏறக்குறைய 9 மில்லி விநாடி. ஆக ஓர் இடத்துக்குப் போய்ச் சேர 13 மில்லி விநாடி. விநாடிக்கு 75 இடங்களைத் தொட்டாலே பெரிது. ஒவ்வொரு இடத்திலும் 4 கிலோபைட் படித்தால் விநாடிக்கு 300 கிலோபைட். அதே வட்டு வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 100 மெகாபைட்டைத் தாண்டும். 300 மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஜக்கார்டு அட்டைக் கோவையும் இப்படித்தான்: ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் தறி தாளத்தோடு ஓடும், ஐந்தாம் அட்டை, அடுத்து தொள்ளாயிரமாவது, அடுத்து பன்னிரண்டாவது என்று கேட்டால் நெசவாளர் எழுந்து போய்விடுவார். தேடல் நிரல் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் திறந்து மூடுவது இரண்டாவது ரகம். பின்வாங்கச் சொன்னாலும், ஏற்கெனவே கிளம்பிய கை போய்ச் சேர்ந்துதான் திரும்பும். உங்கள் வேலையும் தேடல் நிரலும் இப்படி மாறி மாறிக் கூப்பிட்டால் வட்டு அலைந்தே தீரும்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும். அதனால் புதுக் கணினி வைத்திருப்பவர்கள் இந்தப் புகாரையே புரிந்துகொள்ள மாட்டார்கள். பழைய கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி போடுவது, அமைப்புகளில் செய்யும் எந்த மாற்றத்தையும்விட அதிகம் உதவும் என்பது என் கட்சி.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. பட்டியலில் 4 லட்சம் உருப்படிகளைத் தாண்டினால் வேகம் குறையத் தொடங்கலாம், 10 லட்சத்தைத் தாண்டினால் நிரல் தடுமாறலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

இந்தப் பாடெல்லாம் பட்டு டிசைன் கோப்புகளுக்கு வீண். உருவி எடுக்க அவற்றில் எழுத்து இல்லை. கோப்பின் பெயரும் தேதியும்தான் பட்டியலுக்குப் போகும். தமிழில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளின் கதை இன்னும் பரிதாபம். யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010ல். அதற்கு முன்னும், பல அச்சகங்களில் அதற்குப் பின்னும், கல்யாணப் பத்திரிகை முதல் கணக்கு வரை பழைய எழுத்துருக்களில்தான் ஓடியது. அவற்றில் ஒன்றான பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் கிடப்பது எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். நம் கண்ணுக்கு அம்மா. நிரலின் கண்ணுக்கு அரைப்புள்ளியால் இரண்டாக உடைந்த ஏதோ ஆங்கிலக் கிறுக்கல். அதையும் அது மெனக்கெட்டுப் பதிந்துவைக்கும். நீங்கள் யூனிகோடில் 'அம்மா' என்று தேடினால் கிடைக்காது.

யூனிகோடிலேயே இருந்தாலும் தமிழ் முழுதாக வசப்படுவதில்லை. சொல்லின் முன்பகுதி பொருந்தினால் நிரல் பிடித்துவிடும். 'தறி' என்று தேடினால் 'தறிக்கு', 'தறியில்' இரண்டும் வரும். 'பணம்' என்று தேடினால் 'பணத்தை' வராது. பணத்தைத் தேடுகிறவர் 'பண' என்று பாதியில் நிறுத்த வேண்டும்.

சரி, எப்படி அடக்குவது? முதலில் குற்றவாளி இதுதானா என்று பார்க்க வேண்டும். வைரஸ் தடுப்பு நிரலும் விண்டோஸ் அப்டேட்டும் இதே அளவுக்கு வட்டைப் பிடித்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் தலைப்பைச் சொடுக்கினால் யார் மேலே வருகிறார் என்று தெரிந்துவிடும். தேடல் நிரல்தான் என்றால், கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்துக்குப் போய், 'மாடிஃபை' பொத்தானை அழுத்தி, டிசைன் கோப்புறை, பில் மென்பொருளின் கோப்புறை, பேக்கப் வட்டு ஆகியவற்றின் குறிகளை எடுத்துவிடலாம். பெரும்பாலான கடைகளுக்கு இதுவே போதும். விண்டோஸ் 10, 11 அமைப்புகளில் 'கிளாசிக்', 'என்ஹான்ஸ்டு' என்று இரண்டு வகை கேட்கும். என்ஹான்ஸ்டு என்றால் கணினி முழுவதையும் துழாவும், எனவே கிளாசிக்கிலேயே இருங்கள். பட்டியலே சிதைந்துவிட்டதாகத் தோன்றினால் 'ரீபில்டு' கொடுக்கலாம். ஆனால் அது எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கும். கடை மூடும் நேரத்தில் தொடங்கிவிட்டுப் போவது நல்லது.

ஒரேயடியாக நிறுத்த வேண்டுமென்றால் 'சர்வீசஸ்' பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' என்பதை நிறுத்தி, 'டிசேபிள்டு' என்று வைக்க வேண்டும். அதன் பிறகும் கோப்புகளைத் தேடலாம். ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்ப்பதால் நேரம் எடுக்கும். பழைய வகை அவுட்லுக்கில் அஞ்சல் தேடுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அதன் தேடலும் இந்தப் பட்டியலை நம்பித்தான் இருக்கிறது. மேக்கில் இதே வேலையை 2005லிருந்து ஸ்பாட்லைட் பார்க்கிறது; அதன் அமைப்பில் உள்ள தனியுரிமைப் பட்டியலில் கோப்புறையைச் சேர்த்தால் அந்தப் பக்கம் போகாது. லினக்ஸில் கேடிஇ வைத்திருப்பவர்களுக்கு அதன் பெயர் பலூ.

டிசைன் கடைக்கு வேண்டியது பெரும்பாலும் பெயர்த் தேடல் மட்டும். 'எவ்ரிதிங்' என்ற இலவச நிரல் கோப்புகளைத் திறப்பதே இல்லை. வட்டின் தலைமைப் பட்டியலிலிருந்து பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும், லட்சக்கணக்கில் இருந்தாலும் சில விநாடிகளில் தயாராகிவிடும். கோப்புக்கு 'மயில் புதுசு ஃபைனல் 2' என்று பெயர் வைத்திருந்தால் அதனாலும் பயனில்லை. எந்த உரு, ஜக்கார்டில் எத்தனை கொக்கி, பார்டரா முந்தானையா உடலா என்பதைப் பெயரிலேயே போட்டுவிட்டால், எழுதும்போது அரை நிமிடம் கூடுதலாகும். தேடும்போது பின்னணியில் எதுவும் ஓட வேண்டியதில்லை.