எடிட்டருக்குள் கம்பைலர் இல்லை

2015-இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டுடியோ கோடை நிறுவியதுமே சி++ நிரல் ஓடிவிடும் என்று புதிதாகப் படிப்பவர்கள் நம்புகிறார்கள். ஓடாது. அது எழுதும் இடம். எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரைத் தனியாக நிறுவ வேண்டும். 1987-இல் வெளிவந்த ஜிசிசி கம்பைலர் இன்றும் இலவசம்தான்.

விண்டோஸில் பலர் தடுக்கி விழும் இடம் 'பாத்': கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல். ஜிசிசி இருக்கும் ஃபோல்டரை அந்தப் பட்டியலில் சேர்க்காவிட்டால், டெர்மினலில் அதன் சி++ கட்டளையான 'ஜி++' என்று தட்டினால் அப்படியொரு கட்டளையே இல்லை என்றுதான் பதில் வரும். சேர்த்ததும் எடிட்டரை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். அதுவரை பழைய பட்டியலையே அது பிடித்துக்கொண்டிருக்கும்.

பிறகு 'டாஸ்க்ஸ்.ஜேசன்' என்ற அமைப்புக் கோப்பு. எந்தக் கம்பைலர், எந்தக் கோப்பு என்பதை அதில் ஒருமுறை எழுதி, வழக்கமான பில்ட் வேலையாகக் குறித்துவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். எச்சரிக்கைகளைக் காட்டும் 'வால்' தெரிவையும் அதிலேயே சேர்ப்பது நல்லது: மதிப்பு கொடுக்க மறந்த மாறியை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.