கல்வி அதிகாரி ஆக எந்தக் கதவைத் தட்டுவது?

நாமக்கல் மாவட்டத்தில் ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ‘டி.இ.ஓ. வர்றாங்க’ என்றால் போதும், பள்ளி அலுவலகத்தில் பதிவேடுகள் தூசி தட்டப்படும். அந்த நாற்காலியில் உட்கார ஆசைப்படும் பி.எட். பட்டதாரிகள் இங்கே நிறைய. எந்தத் தேர்வை எழுதுவது என்பதில்தான் குழப்பம்.

ஒன்றிய அளவில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைப் பார்ப்பவர் வட்டாரக் கல்வி அலுவலர். அவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், அதாவது டி.இ.ஓ. மாவட்டத்துக்கே தலைவர் முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது சி.இ.ஓ. இந்தக் கடைசிப் பதவிக்குப் பதவி உயர்வில்தான் போக முடியும்.

வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைக்கிறது. பட்டமும் பி.எட்.டும் வேண்டும். 2023இல் 33 இடங்களுக்குத்தான் அறிவிப்பு வந்தது. டி.இ.ஓ.வுக்கு டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 1சி: முதல்நிலை, முதன்மை, நேர்காணல். இதற்கு முதுகலையும் பி.எட்.டும் தேவை. எந்த முதுகலையும் செல்லும் என்று நினைத்து அஞ்சல் வழியில் ஏதாவது ஒன்றைப் படித்துவிடாதீர்கள். அறிவிக்கையில் பாடப் பட்டியலே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மூன்றாவது வழி, ஆசிரியராகச் சேர்ந்து தலைமையாசிரியராகிப் பதவி உயர்வில் வருவது. பள்ளியின் நாடி தெரிந்தவர்கள் இப்படி வருபவர்களே என்பது என் எண்ணம். ஆனால் ஓய்வு வயது 60. பலருக்கு அந்த நாற்காலி கிடைக்கும்போது சர்வீஸ் முடியப்போகும்.

வேலை என்ன? 2022 சீரமைப்புக்குப் பின் தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் என்று டி.இ.ஓ.க்களைப் பிரித்துவிட்டார்கள். நாமக்கல்லில் தனியார் பள்ளிப் பொறுப்பு சாதாரணமானதல்ல. பொதுத்தேர்வில் மாநில ரேங்க் வெளியிடுவதை அரசு 2017இல் நிறுத்தும்வரை, அந்தப் பட்டியலுக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகள் இந்த ஊர்ப்பக்கம்தான். அங்கீகாரம் புதுப்பித்தல், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடங்கள், கட்டணப் புகார் எல்லாம் இந்த மேசைக்கு வரும். அதே மாவட்டத்தில்தான் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டிய பள்ளிகளும் இருக்கின்றன. மாறுதல் கலந்தாய்வு, எமிஸ் எனும் கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவு, நீதிமன்ற வழக்கு என்று மீதி நாள் கோப்பிலேயே கரையும். பாடம் நடத்தப் பிடித்தவர்களுக்கு இது வறண்ட வேலை.

வயது கைகொடுத்தால் குரூப் 1சியை முதலில் எழுதுங்கள். பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் ஆண்டுதோறும் வராது. அதனால் வட்டாரக் கல்வி அலுவலர் தேர்வையும் விட்டுவிடாதீர்கள்.