அந்நிய ஊரில் காந்திஜிக்குக் கிடைத்த நண்பர்கள்

சென்னை வண்டி தாதரில் வந்து நின்ற கால் மணி நேரத்தில் பிளாட்பாரம் காலியாகிவிடும். அதன் பிறகும் ஓர் ஆள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பான். அழைத்துப்போக வருவதாகச் சொன்னவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பாஷை தெரியாது. யாரிடம் கேட்பது என்று பயம்.

ரெயில்வே குமாஸ்தாவான நான் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நம்மில் பலர் அப்படி உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

மகாத்மா காந்தியும் ஒரு நாள் அப்படித் தவித்தார்.

1893-ம் ஆண்டு. அவருக்கு வயது 23. ஒரு வழக்கு விஷயமாகத் தென்ஆப்பிரிக்கா போயிருந்தார். வழியில் மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் இருந்து இறக்கிவிடப்பட்டார். பிறகு கோச்சு வண்டியில் அடி வாங்கினார். பிரிட்டோரியா போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி. அழைத்துப்போக யாரும் வரவில்லை.

மற்ற பயணிகள் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பிறகு டிக்கெட் கலெக்டரிடம், தங்க இடம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பக்கத்தில் நின்ற அமெரிக்கக் கறுப்பர் ஒருவர், தனக்குத் தெரிந்த ஓட்டலுக்கு அழைத்துப் போனார். ஓட்டல்காரர் ஜான்ஸ்டன் இடம் கொடுத்தார். ஆனால் அறையிலேயே சாப்பிட வேண்டும் என்றார். சற்று நேரத்தில், தங்கியிருந்த மற்றவர்களைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்கே வரச் சொன்னார்.

5 நிமிட பிரார்த்தனை

மறுநாள் வக்கீல் பேக்கரைச் சந்தித்தார். பேக்கர் மதப் பிரசாரகரும் கூட. ஓர் ஏழை ரொட்டிக்காரர் வீட்டில், வாரம் 35 ஷில்லிங்கில் தங்க ஏற்பாடு செய்து கொடுத்தார். தினமும் பகல் 1 மணிக்கு நடக்கும் 5 நிமிட பிரார்த்தனைக்கும் கூப்பிட்டார். புதிதாக வந்த சகோதரனுக்காக அங்கே எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள்.

அங்கே பழக்கமானவர்கள் ஹாரிஸ், காப் என்ற 2 வயதான பெண்மணிகள். ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்குத் தங்கள் வீட்டுக்கு டீ சாப்பிட வரும்படி சொன்னார்கள். குவேக்கர் சபையைச் சேர்ந்த கோட்ஸ் என்ற இளைஞரும் வருவார்.

ஒருநாள் ஜனாதிபதி குரூகர் வீட்டருகே நடைபாதையில் போன காந்திஜியைப் போலீஸ்காரன் உதைத்துத் தள்ளினான். குதிரையில் வந்த கோட்ஸ் அதைப் பார்த்துவிட்டார். வழக்குப் போடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன் என்றார். சொந்தக் குறைக்காகக் கோர்ட்டுக்குப் போவதில்லை என்று காந்திஜி மறுத்துவிட்டார். ஆனாலும், தெரியாத ஊரில் "நான் சாட்சி" என்று சொல்ல ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது நமக்குத் தெரியும்.

துளசி மாலை

இவர்களுக்குக் காந்திஜியைக் கிறிஸ்தவராக்க ஆசை இருந்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. கழுத்தில் இருந்த துளசி மாலையை மூடநம்பிக்கை என்று நினைத்த கோட்ஸ், அதை அறுத்துவிடட்டுமா என்று கேட்டார். தாயார் அன்போடு போட்ட மாலை, தக்க காரணம் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றார் காந்திஜி.

மாலையும் அறுபடவில்லை, நட்பும் அறுபடவில்லை.

பிறகு பேக்கர் அவரை வெலிங்டன் நகரில் நடந்த கிறிஸ்தவர் மாநாட்டுக்கு அழைத்துப் போனார். நிறத்தைக் காட்டி ஓட்டலில் இடம் தரத் தயங்கினார்கள். பேக்கர் விட்டுக்கொடுக்காமல் நின்று இடம் வாங்கினார்.

காந்திஜி மதம் மாறவில்லை. ஆனால் சமயங்களைத் தேடிப் படிக்கும் தாகம் இந்த நண்பர்களால் வந்தது என்றும், அதற்காக என்றும் கடன்பட்டவன் என்றும் "சத்தியசோதனை"யில் எழுதியிருக்கிறார்.

மறு ஆண்டு, 1894-ல், டர்பனில் அவரிடம் ஒரு தமிழ்த் தொழிலாளி அழுதுகொண்டு வந்தார். பெயர் பாலசுந்தரம். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து ரத்தம் வழிந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்திஜி. பிறகு வேறு முதலாளியிடம் அவரை மாற்றவும் வழி செய்தார். ஓராண்டுக்கு முன் தங்க இடம் தேடி நின்றவர், இப்போது இன்னொருவருக்குத் துணையாக நின்றார்.

பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால், "எந்த ஊர் தம்பி?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு டீ கொடுங்கள். கழுத்தில் இருப்பது சிலுவையா, துளசி மாலையா, தாயத்தா என்று பார்க்க வேண்டாம்.