திருகோணமலையின் உல்லாசப் பயண வளங்களும் அவற்றின் இடஞ்சார் பரம்பலும்

அழகிய கடற்கரையோ தொன்மையான ஆலயமோ தன்னளவில் உல்லாசப் பயண வளமாகிவிடுவதில்லை. சென்றடையும் வழி, தங்கும் வசதி, உகந்த பருவம் ஆகியன சேரும்போதே அது வளமாகின்றது. ஆதலின் அபிவிருத்தித் திட்டமிடலுக்கு வளங்களின் பட்டியல் மட்டும் போதாது. அவை எங்கு, எக்காலத்தில், எவருடைய பயன்பாட்டில் உள்ளன என்பதும் மதிப்பிடப்படல் வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்தின் வளங்களை மூன்று தொகுதிகளாக வகுக்கலாம். முதலாவது, நகரும் துறைமுகமும் சார்ந்தது. சம்பந்தரால் பாடப்பெற்று, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டுப் பின்னர் மீள எழுந்த கோணேசர் ஆலயம், அதனை அடுத்த பிரெடெரிக் கோட்டை, இயற்கைத் துறைமுகம் ஆகியன இதிலடங்கும். இரண்டாவது, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையிலான மணற்கரையும் அதன் எதிரே உள்ள புறாத்தீவுமாகும். மூன்றாவது தொகுதி சிதறிய பரம்பலைக் கொண்டது. மேற்கே கன்னியா வெந்நீரூற்றுக்கள், வடக்கே திரியாய், தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சேருவில, வெருகல் என்பன இத்தகையன.

தங்குவிடுதிகள் பெரிதும் இரண்டாம் தொகுதியிலேயே செறிந்துள்ளன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் 2009 வரை நீடித்த போராலும் நலிந்த இத்துறை, மீண்டபோதும் பழைய கரையோரத்திலேயே வேரூன்றிற்று. தென்பகுதியோ நெடுங்காலம் தோணித்துறைகளை நம்பியிருந்தது. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் அக்குறையைப் பெரிதும் நீக்கியது. ஆயினும் பாலம் பயணிக்கு வழியைத் தரும். மூதூர் மக்களுக்குத் தொழிலைத் தானாகத் தந்துவிடாது.

பருவமும் இங்கு நோக்கத்தக்கது. வடகீழ்ப் பருவக்காற்றின்போது கொந்தளிக்கும் கீழைக்கடல், ஏறக்குறைய மே முதல் செப்தெம்பர் வரை அமைதியாயிருக்கும். விடுதிகள் நிறைவது அக்காலத்திலேயே. கரைவலை இழுக்கப்படுவதும் அக்காலத்திலேயே. மேற்கு, தெற்குக் கரைகளிலிருந்து மீனவர் வந்து வாடியமைப்பதும் அப்போதுதான். கரைவலைக்கு நீண்ட, தடையற்ற மணற்கரை இன்றியமையாதது. விடுதியின் வேலி நீரோரம்வரை நீளுமாயின் வலையிழுக்கும் பாடு குறுகும். எனவே அக்கரையை வெறுநிலமாகக் காட்டும் வரைபடம், வளத்தையன்றி அதனைப் பெற விரும்புவோரின் நோக்கையே காட்டுகின்றது.

புறாத்தீவு மற்றுமொரு படிப்பினையாகும். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இத்தீவின் முருகைக்கற்பாறைகள் ஆழங்குறைந்த நீரில் உள்ளமையால், காண வருவோரின் காலடியிலேயே நொறுங்குகின்றன. இங்கு பயணிகளின் தொகை பெருகுவது வளர்ச்சியன்று, மூலதனத்தை உண்பதாகும்.

இவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். கரைவலைப் பாடுகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டுக் காக்கப்படல் வேண்டும். புறாத்தீவுக்குச் செல்வோரின் தொகை முருகைக்கற்பாறைகளின் தாங்குதிறனால் வரையறுக்கப்படல் வேண்டும். புதிய முதலீடு, செறிந்த வடகரையை விடுத்து, கன்னியாவையும் கொட்டியாரத்தின் தென்புறத்தையும் நகருடன் இணைப்பதாக அமைதல் வேண்டும். கடலை நம்பி வாழ்வோரைக் கரையிலிருந்து அகற்றிப் பெறும் வருமானத்தைப் பிரதேச அபிவிருத்தி எனக் கொள்ளுதல் பொருந்தாது.