விரலை இழுக்கும் எதிர்பார்ப்பு

கைபேசிக்கு ஒருவர் அடிமையாகிவிட்டாரா என்பதை, அவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறார் என்ற கணக்கைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. நாள் முழுவதும் கைபேசியை நம்பியே தொழில் நடத்தும் வாடகை வண்டி ஓட்டுநர், வீடு திரும்பியதும் அதை மறந்துவிட்டு இருக்கக்கூடும். அவரைவிடக் குறைந்த நேரமே பயன்படுத்தும் மாணவரோ, கீழே வைக்க வேண்டும் என்று எண்ணியும் வைக்க முடியாமல் தேர்வைக் கோட்டைவிடக்கூடும். இக்காரணத்தால் உளவியலாளர்கள் நேரத்தைக் காட்டிலும் கட்டுப்பாட்டையே முதன்மையான அளவுகோலாகக் கொள்கின்றனர்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், கைபேசிக்கு அடிமையாதல் தனி நோயாக இடம்பெறவில்லை. மின்னணு விளையாட்டுகளில் கட்டுப்பாட்டை இழக்கும் கோளாறு இடம்பெற்றுள்ளது. எனினும் அதற்கு வகுக்கப்பட்ட மூன்று கூறுகள் கைபேசிப் பழக்கத்தை எடைபோடவும் உதவுகின்றன. தொடங்குவதையும் நிறுத்துவதையும் தம் விருப்பப்படி செய்ய இயலாமை முதலாவது. உறக்கம், படிப்பு, வேலை, உறவுகள் ஆகியவற்றைப் பின்தள்ளி அப்பழக்கம் முன்னிடம் பெறுவது இரண்டாவது. தீங்கு கண்ணெதிரே தெரிந்த பின்னரும் அது தொடர்வது மூன்றாவது.

இப்பழக்கத்தின் வேரை விளக்கும் சோதனைகள், கைபேசி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நடந்தவை. அமெரிக்க உளவியலாளர்களான ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் வெளியிட்ட நூலில், பொத்தானைக் கொத்தித் தானியம் பெறும் புறாக்களின் நடத்தையை விரிவாகப் பதிவு செய்தனர். எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்பது தெரியாத நிலையில், புறாக்கள் ஓய்வின்றிக் கொத்தின. தானியம் நின்ற பின்னரும் அப்பழக்கம் எளிதில் மறையவில்லை. கைபேசியைத் திறக்கும்போது சில வேளைகளில் மட்டும் பிடித்தமான செய்தியோ பாராட்டோ கிடைப்பதும் இதே வகையான நிச்சயமற்ற வெகுமதியே ஆகும்.

மூளையில் இதற்கு ஈடான செயல்பாடு டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சார்ந்தது. அதை இன்பத்தின் வேதிப்பொருள் என்று கூறுவது வழக்கமெனினும், குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களை ஆராய்ந்த நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், அவை வெகுமதி எதிர்பாராமல் வரும்போதும், அதை முன்னறிவிக்கும் குறிப்பு தோன்றும்போதும் தூண்டப்படுவதையும், முழுவதும் எதிர்பார்த்தபடியே வெகுமதி வரும்போது அத்தூண்டல் அடங்குவதையும் கண்டார். கைபேசியின் அறிவிப்பு ஒலி அத்தகைய குறிப்பாக அமைவதால், செய்தி இன்னதென்று அறியும் முன்பே கை நீள்கிறது. 2006-இல் வடிவமைப்பாளர் ஆசா ராஸ்கின் உருவாக்கிய, கீழே தள்ளத் தள்ளப் புதிய பதிவுகள் வந்துகொண்டே இருக்கும் அமைப்பு, 'இத்துடன் போதும்' என்று எண்ணுவதற்கான இடைநிறுத்தத்தையும் நீக்கிவிட்டது.

தொடாமல் வைத்திருக்கும் கைபேசியும் கவனத்தைக் குறைக்கக்கூடும். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒலி நிறுத்தப்பட்ட கைபேசியை மேசைமீது வைத்திருந்தவர்களைவிட, அடுத்த அறையில் விட்டுவந்தவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் மேம்பட்டு விளங்கினர். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இம்முடிவை ஒரே அளவில் உறுதிப்படுத்தவில்லை.

நிச்சயமற்ற வெகுமதியே பழக்கத்தை வளர்க்கிறது என்பதால், அந்த நிச்சயமின்மையையும் அதை நினைவூட்டும் குறிப்புகளையும் குறைப்பதே பயனுள்ள மருந்தாகும். மனிதர்கள் நேரடியாக அனுப்பும் செய்திகள் தவிர்த்த பிற அறிவிப்புகளை நிறுத்துவதும், சமூக ஊடகங்களைப் பார்க்க நாளில் குறித்த வேளைகளை ஒதுக்குவதும், எழுப்புவதற்கு மணிக்கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே விடுவதும் எளிய தொடக்கங்கள். கை நீளும் வேளையில் அதற்கு முன் எழுந்த உணர்வு சலிப்பா, தனிமையா, பதற்றமா என்பதைக் குறித்துவந்தால், அவ்விடத்தை நடையோ உரையாடலோ நிரப்ப வழி பிறக்கும். முதல் சில நாள்களில் ஏக்கம் கூடுவது தோல்வியின் அடையாளமன்று. வெகுமதி நின்றவுடன் பழக்கம் சற்றே வேகமெடுத்துப் பின் தணிவது இயல்பு.

இவற்றாலும் கட்டுப்பாடு திரும்பாதபோதும், உறக்கமோ படிப்போ வேலையோ தொடர்ந்து கெடும்போதும் மனநல வல்லுநரை நாடுவதே முறை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014-இல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை பெறலாம்.