ஏரியும் இறையருளும்

இறைவனைக் காண வேண்டுமெனில் வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ பயணம் புறப்பட வேண்டும் என்று நம் குடும்பங்களில் பலர் எண்ணுகின்றனர். திருத்தலப் பயணம் நன்றே. அதனைக் குறைத்துக் கூற வரவில்லை. ஆனால் ஆண்டின் மற்ற நாள்களில், மின்சார இரயிலைப் பிடிக்க ஊரப்பாக்கம் நிலையத்திற்கு விரையும் குடும்பத் தலைவரும், தண்ணீர் லாரியின் ஓசை கேட்டுக் குடத்தோடு வெளியே வரும் தாயும் இறைவனை எங்கே காண்பது? இக்கேள்விக்கு ஒரு விடை, நாம் நாள்தோறும் கடந்து செல்லும் ஏரியில் இருக்கின்றது.

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் நாடு என்பர். நம் முன்னோர் வகுத்த ஏரி வெறும் பள்ளமன்று. மழைநீரைக் கொண்டு சேர்க்கும் வரத்துக்கால், அதனைத் தாங்கி நிற்கும் கரை, வயலுக்கு அளந்து விடும் மதகு, மிகுந்ததை வெளியேற்றும் கலங்கல் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஏரி. இவற்றுள் கலங்கலே என் சிந்தையைப் பெரிதும் கவர்வது. கரையின் ஓர் ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய சுவர் அது. நீர் அந்த அளவைத் தாண்டியதும் தானே வழிந்து, கால்வாய் வழியே அடுத்த ஊரின் ஏரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பியபின் அதற்கடுத்த ஊருக்கு. நமக்கே முழுவதும் வேண்டுமென்று ஓர் ஊரார் கலங்கலை உயர்த்திக் கட்டினால் என்ன ஆகும்? கீழூர் வயல் காயும் என்பது மட்டுமன்று. பெருமழையில் தங்கள் கரையே உடைந்து தங்கள் பயிரே மூழ்கும். லூக்கா நற்செய்தியில், பழைய களஞ்சியங்களை இடித்துவிட்டுப் பெரியவை கட்ட எண்ணிய செல்வனின் உவமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உயர்த்திக் கட்டிய கலங்கலே நினைவுக்கு வருகின்றது.

மதகைத் திறந்து மூடுபவரை நீர்க்கட்டி என்பர். பல ஊர்களில் இப்பணியைச் செய்தவர் சொந்த நிலமற்ற ஏழைகளே. யாருடைய வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை, ஒரு செண்டு நிலமும் இல்லாதவர் நின்று முடிவு செய்தார்! தமக்கென்று வயல் இல்லாமையால் அவர் நடுநிலை தவறமாட்டார் என்று ஊர் நம்பியது. சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவருக்கு இந்த ஏற்பாடு புதுமையாகத் தோன்றியிராது.

இனி இந்த நீர் செல்லும் வழியைப் பாருங்கள். நமக்கு அண்மையிலுள்ள ஆதனூர் ஏரியின் உபரிநீர் அடையாற்றின் தலைக்கால்களுள் ஒன்று. அடையாறு வழிநெடுக ஏரிகளின் மிச்சத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, திருத்தூதர் தோமையார் தங்கிச் செபித்ததாக மரபு கூறும் சின்னமலையின் அருகே சென்று, சாந்தோமுக்குத் தெற்கே கடலில் சேர்கின்றது. நம் தெருவில் பெய்த மழையும் தோமையாரின் மலையைத் தொட்டுச் செல்கின்றது என்றால், இந்த மண்ணை அயலாகக் கருத இயலுமா?

இதே நீர்தான் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நம்மை நடுங்கச் செய்தது. ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் மாடிகளில் நின்று படகுக்காகக் காத்திருந்தனர். “சாமி, இது கடவுள் கொடுத்த தண்டனையா?” என்று அந்நாள்களில் பலர் கேட்டனர். சிலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகளோ என்ற எண்ணத்தை இயேசுபிரான் உறுதியாக மறுத்தார். ஆதலால் நாமும் அப்படிச் சொல்லலாகாது. நீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. அந்த வழியில் மனைகளும் மதிற்சுவர்களும் நின்றன. அதே சமயம், அங்கே வீடு கட்டியோரைக் குற்றவாளிகளாக்குவதும் எனக்கு உடன்பாடன்று. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து, காட்டிய பத்திரத்தை நம்பி வாங்கியவர்களே அவர்களுள் மிகுதி. மழை இறைவனுடையது, கால்வாயைத் தூர்த்தது மனிதருடைய செயல். இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லையேல் அவர்கள் அஞ்சத்தக்க ஒரு கடவுளையே கற்றுக்கொள்வர். நான்கே ஆண்டுகளில், 2019 ஜூனில், சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டு கிடந்ததையும் கண்டோம்.

அந்த வெள்ளத்துக்கு ஆறு திங்களுக்கு முன்னர்தான், 2015 மே 24 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் கையெழுத்திட்டிருந்தார். பூமியின் ஓலமும் ஏழையின் ஓலமும் வெவ்வேறல்ல என்பது அதன் உயிர்க்கருத்து. மறு ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று, பசித்தோர்க்கு உணவளித்தல் முதலான இரக்கச் செயல்களோடு, பொது இல்லமாகிய இவ்வுலகைப் பேணுதலையும் சேர்த்துக்கொள்ளுமாறு அவர் வேண்டினார். தண்ணீரைச் சகோதரி என்று அழைத்த அசிசி நகர்ப் புனிதரின் பெயரைத் தாங்கியவர் அன்றோ!

திருப்பலியில் குருவானவர் இரசத்தில் சிறிது நீர் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் மனிதத்தன்மை கிறிஸ்துவோடு இணைவதற்கு அது அடையாளம். திருமுழுக்குத் தொட்டியிலும் நீரே. ஆனால் அந்த நீர் எந்த ஏரியின் ஊற்றிலிருந்து எங்கள் கிணற்றுக்கு வந்தது என்று கேட்கும் வழக்கம் நமக்கில்லை. மாலையில் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரைமீது நடந்து பாருங்கள். கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் இன்னமும் வருகின்றன. வானத்துப் பறவைகளை நோக்குமாறு ஆண்டவர் சொன்னது உவமைக்காக மட்டும் என்று எண்ண வேண்டா. அவர் நின்ற இடமும் ஓர் ஏரிப் பகுதியே.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு சனிக்கிழமை வரத்துக்காலைத் துப்புரவு செய்யலாமா என்று எங்கள் அன்பியக் கூட்டம் ஒன்றில் கேட்டேன். எல்லாரும் இசைந்தனர். பின்னர் ஓர் இளைஞர் எழுந்து, “வரத்துக்கால் எங்கே இருக்கிறது, பாதர்?” என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியம்மாள்தான் கைத்தடியோடு முன்னே நடந்து காட்டினார். இரண்டு மதில்களுக்கிடையே, ஆகாயத்தாமரையும் நெகிழிப் பைகளும் மூடிக் கிடந்தது. அகலம் மூன்றடி இருக்கும். முன்பு அதில் மாடு குளிப்பாட்டுவோம் என்றார் அவர்.